வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த வங்கிக்காரர்

எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது "சம்பளம்" என்றேன். இலக்கியக் கூட்டத்தில் சம்பளமா என்று சிரித்தார். நான் செவிலியர் பட்டயம் படித்தவள், வரலாறு என் துறையல்ல. ஆனால் சம்பளம் வராத மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

படிப்பை முடித்து முதலில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் ஒருமுறை செவிலியர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினோம். எட்டு நாள் தாக்குப்பிடித்தோம். நிர்வாகம் மிரட்டியது, அதற்கு யாரும் அசையவில்லை. ஒன்பதாம் நாள் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒருத்திக்குத் தம்பியின் கல்லூரிப் பணம், இன்னொருத்திக்கு நகைக்கடன் வட்டி. ஒவ்வொருவராகத் திரும்பினோம், நானும்தான். அன்றிலிருந்து எதிர்ப்பு, போராட்டம் என்று எதைப் படித்தாலும் என் மனதில் ஒரே கேள்விதான் எழும். அந்த மாதம் இவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டது யார்?

நான் இப்போது வேலை பார்க்கும் நெதர்லாந்தில் இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயரையே பதிலாகச் சொல்லலாம். வால்ராவன் வான் ஹால். 1906இல் ஆம்ஸ்டர்டாமில் வங்கிக் குடும்பமொன்றில் பிறந்தவர். கப்பல் அதிகாரியாக இருந்தவர், கண்பார்வை போதாமல் அதை விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலுக்கே வந்தார்.

1940 மே மாதம் ஜெர்மனி இந்த நாட்டைப் பிடித்தபோது டச்சு வணிகக் கப்பல்கள் பல வெளிக்கடலில் இருந்தன. அவற்றின் மாலுமிகள் ஊர் திரும்பாமல் நேச நாடுகளுக்காகக் கப்பலோட்டினார்கள். அதற்குத் தண்டனையாக, ஊரிலிருந்த மனைவி மக்களுக்குப் போக வேண்டிய பணத்தை ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடுத்தது. ரோட்டர்டாமைச் சேர்ந்த பிலிப்போ என்ற கப்பல் தலைவர் அந்தக் குடும்பங்களுக்காக ஒரு நிதி தொடங்கினார். வான் ஹாலும் அவர் அண்ணன் கெய்ஸும் அதற்குப் பணம் திரட்டப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் தேசிய உதவி நிதி. ஒளிந்திருந்த யூதர்கள், தலைமறைவானவர்கள், ரகசியப் பத்திரிகைகள் என்று அந்தப் பணம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது.

பணம் கடனாகத்தான் வந்தது. கடனுக்குச் சீட்டு எழுதினால், அது அகப்படும் நாளில் எழுதியவர், கொடுத்தவர் இருவர் தலையும் போகும். அதனால் மதிப்பிழந்துபோன பழைய பங்குப் பத்திரங்களை ரசீதாகக் கொடுத்தார்கள். போலீஸ் கையில் கிடைத்தால் வெறும் காகிதம். போர் முடிந்தபின் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். லண்டனிலிருந்த நாடுகடந்த டச்சு அரசு உத்தரவாதம் கொடுத்தது.

பிறகு 1944 செப்டம்பர் 17 வந்தது. ரயில் ஊழியர்கள் வேலையை நிறுத்தும்படி லண்டன் வானொலியிலிருந்து சங்கேத அறிவிப்பு வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகவில்லை. சில நாளில் நேசப்படைகள் வந்துவிடும் என்று நம்பினார்கள், அவர்கள் வரவில்லை. வேலைநிறுத்தம் 1945 மே வரை நீண்டது. ஏறக்குறைய எட்டு மாதம்! எங்களுடையது எட்டு நாள்.

இத்தனை குடும்பங்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வங்கிக்காரர்களின் கடன் மட்டும் போதவில்லை. வான் ஹால் மத்திய வங்கியிலேயே கை வைத்தார். அதன் தலைவர் அப்போது ஒரு நாஜி ஆதரவாளர். போலிக் கருவூலப் பத்திரங்களை அச்சடித்து, உள்ளே இருந்தவர்களின் உதவியோடு பெட்டகத்தில் வைத்தார்கள். அங்கிருந்த அசல் பத்திரங்களை வெளியே எடுத்துப் பணமாக்கினார்கள். சுமார் 5 கோடி கில்டர் இப்படி வந்தது.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்த விரும்பவில்லை. 1942 ஜூலையிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் இந்த நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் வெஸ்டர்போர்க் முகாம் வழியாக. அந்த ரயில்களை எல்லைவரை ஓட்டியவர்கள் டச்சு ஊழியர்கள். கடைசி ரயில் 1944 செப்டம்பர் 13 அன்று கிளம்பியது. நான்கு நாள் கழித்து வேலைநிறுத்தம் தொடங்கியது. ஞாயிறு பள்ளியில் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதையைக் கேட்டபோது, கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே கூலியா என்று நான் டீச்சரிடம் சண்டை போட்டிருக்கிறேன். வெஸ்டர்போர்க்கில் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றபோது அந்தச் சண்டை திரும்ப ஞாபகம் வந்தது. 1942இல் இந்தச் சம்பளத்தை யாராவது முன்வைத்திருந்தால் அவர்கள் எஞ்சினை நிறுத்தியிருப்பார்களா? ரயில் நிறுவனம் 2005இல்தான் மன்னிப்புக் கேட்டது.

வேலைநிறுத்தத்துக்கும் விலை இருந்தது. பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். தடையைத் தளர்த்திய பிறகு கால்வாய்கள் உறைந்துவிட்டன. அந்தப் பசிக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். அப்போது கருவில் இருந்தவர்களுக்கு முதுமையில் இதயநோய் கூடுதலா என்று ஆம்ஸ்டர்டாமில் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். கருவின் தொடக்க மாதங்களில் பசியில் அகப்பட்டவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது. அந்த வயதுக்காரர்களுக்கு நான் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன்.

வான் ஹாலை 1945 ஜனவரி 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிடித்தார்கள். அகப்பட்டவர் யார் என்று அவர்களுக்கு முதலில் தெரியவில்லை. பிப்ரவரி 12 அன்று ஹார்லெமில் இன்னும் ஏழு பேருடன் சுட்டுக் கொன்றார்கள். 39 வயது முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

விடுதலைக்குப் பிறகு கணக்குப் பார்த்தார்கள். 8 கோடி கில்டருக்கும் மேல் கைமாறியிருந்தது, ஆனாலும் கணக்கு ஏறக்குறைய முழுமையாக ஒத்துப்போனது. பீட் சாண்டர்ஸ் என்ற சட்ட அறிஞர் 1960இல் இந்த நிதியைப் பற்றித் தனி நூலே எழுதினார். எதிர்ப்பு வரலாறு என்றால் நமக்குத் துப்பாக்கியும் துண்டுப்பிரசுரமும்தான் நினைவுக்கு வரும். அவர் எழுதியது ஒரு பேரேட்டின் வரலாற்றை.

மத்திய வங்கிக்கு எதிரே ஃபிரெடெரிக்ஸ்பிளைன் சதுக்கத்தில், விழுந்து கிடக்கும் ஒரு வெண்கல மரம் இருக்கிறது. 2010இல் வைத்த அவருடைய நினைவுச்சின்னம் அது. முதல்முறை போனபோது நிஜ மரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஆம்ஸ்டர்டாம் வருபவர்கள் சொல்லுங்கள், இரவுப் பணி இல்லாத நாளில் நானே கூட்டிப்போகிறேன். என் நேரம் முடிந்துவிட்டது.