பரவல் சேமிப்பகம்

பல சர்வர்களில் உள்ள ஹார்ட் டிஸ்க்குகளை நெட்வொர்க்கால் கோத்து, பயன்படுத்துபவருக்கு ஒரே பெரிய கிடங்காகக் காட்டும் ஏற்பாடே பரவல் சேமிப்பகம். கோப்பு எந்த அறையில், எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற கவலை அவருக்கு இல்லை; அது முழுவதும் அமைப்பின் பொறுப்பு. எது எங்கே இருக்கிறது என்று யார் கணக்கு வைப்பது, ஒரு டிஸ்க் போய்விட்டால் அதிலிருந்ததை எப்படி மீட்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு அறுபது எழுபது ஆண்டுகளாகக் கண்டுவந்த விடைகள்தான் இந்தத் துறையின் வரலாறு.

முதல் வணிக ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் 1956இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குப் பெரிய நிறுவனங்களின் தரவு விலை கூடிய பெரிய டிஸ்க்குகளில்தான் இருந்தது. 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் மாற்று வழி சொன்னார்கள். பிசிக்கென்று செய்யப்பட்ட மலிவான சிறு டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கி, ஒன்று பழுதானால் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு மீட்கும்படி கூடுதல் தகவலையும் எழுதி வைத்தால் போதும் என்றார்கள். இன்று ரெய்டு என்று எல்லாரும் சொல்வது அதுதான். ஆனால் ரெய்டு ஒரு பெட்டிக்குள் அடங்கிய தீர்வு. பெட்டிக்கு மின்சாரம் நின்றாலோ கட்டுப்பாட்டு அட்டை எரிந்தாலோ, உள்ளே டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் பயனில்லை.

பெட்டியை விட்டு வெளியே வரும் முயற்சி இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ், எங்கோ இருக்கும் சர்வரின் கோப்பைச் சொந்தக் கணினியின் கோப்பைப் போலவே திறக்க வழி செய்தது. அதே காலத்தில் பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஐபிஎம்முடன் சேர்ந்து ஆண்ட்ரூ கோப்பு முறையை உருவாக்கியது. அதன் முதன்மைச் சிற்பிகளில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அங்கே போன மகாதேவ் சத்யநாராயணன். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொரு முறையும் சர்வரையே கேட்டால் அது தாங்காது. ஆகவே கோப்பை முழுதாகவே பயனரின் கணினிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வேறு யாராவது அதை மாற்றினால் தெரிவிப்பதாக சர்வர் வாக்குக் கொடுக்கும். அந்தச் செய்தி வரும்வரை மறுபடி கேட்க வேண்டியதில்லை. சத்யநாராயணன் அடுத்து உருவாக்கிய கோடா, நெட்வொர்க் அறுந்தபோதும் வேலையைத் தொடரவிட்டது. இணைப்பு திரும்பியதும் மாற்றங்களை ஒப்பிட்டுச் சேர்த்தது.

இணையத்தையே பிரதியெடுத்து வைக்க வேண்டிய கூகுளுக்கு இவை எதுவும் போதவில்லை. சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியூங் மூவரும் 2003இல் வெளியிட்ட கூகுள் கோப்பு முறைக் கட்டுரையைத்தான் இந்தத் துறையின் திருப்புமுனை என்று சொல்ல வேண்டும். ஆயிரம் சாதாரணக் கணினிகளைச் சேர்த்தால் எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்று பழுதாகித்தான் கிடக்கும். அதை அன்றாட நடப்பாகவே வைத்து வடிவமைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள். மூன்றும் ஒரே ரேக்கில், அதாவது சர்வர்களை அடுக்கும் ஒரே சட்டத்தில், இருக்காது. எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல் ஒரே ஒரு தலைமை சர்வரின் நினைவகத்தில் இருக்கும். அது இடத்தை மட்டும் சொல்லும். தரவு நேராகத் துண்டு இருக்கும் சர்வரிலிருந்தே வரும். இதே அமைப்பைத் திறந்த மூலத்தில் டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் எழுதினார்கள். அது ஹடூப் என்ற பெயரில் யாஹூவில் வளர்ந்து உலகெங்கும் பரவியது.

ஒற்றைப் பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு. கோடிக்கணக்கில் சிறு கோப்புகள் சேர்ந்தால் அந்த ஒரு சர்வரின் நினைவகம் நிரம்பிவிடும். நூலகத்தில் அட்டவணையைப் புரட்டாமல், நூலின் பெயரை வைத்தே அது எந்த அலமாரியில் என்று கணக்குப் போட முடிந்தால் எப்படி இருக்கும்? ஒரு பிரிவினர் இந்த வழியில் போனார்கள். கோப்பின் பெயரை ஓர் எண்ணாக மாற்றி, 10 சர்வர் இருந்தால் 10ஆல் வகுத்து, மீதி வரும் எண்ணுள்ள சர்வரில் வைக்கலாம். சிக்கல், 11ஆவது சர்வரைச் சேர்க்கும்போது வரும். எல்லாவற்றையும் 11ஆல் வகுக்க வேண்டியிருப்பதால் 11இல் 10 பங்கு கோப்புகள் இடம் மாற வேண்டும். 1997இல் எம்ஐடியின் டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின் உள்ளிட்ட குழு வெளியிட்ட முறை, இந்தப் பெயர்ச்சியை ஏறக்குறைய 11இல் ஒரு பங்காகக் குறைத்தது. இணையதளங்களை விரைவாகப் பயனருக்குக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனம் அந்தக் குழுவின் ஆய்விலிருந்துதான் பிறந்தது.

கணக்குப் போட்டு இடம் காணும் வழியைக் கோப்பு முறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அவர் நிறுவிய குளஸ்டர் நிறுவனத்தின் கோப்பு முறையில் தலைமைப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. அதற்கும் ஒரு விலை இருந்தது. கோப்பின் பெயரை மாற்றினால் கணக்கு வேறு இடத்தைக் காட்டும். ஆகவே புதிய இடத்தில் பழைய இடத்தைச் சுட்டும் ஒரு சிறு குறிப்பை விட்டுவைக்க வேண்டும். ஓர் அடைவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லா சர்வர்களையும் விசாரிக்க வேண்டும். ரெட் ஹேட் 2011இல் அந்த நிறுவனத்தை வாங்கியது.

சாண்டா குரூஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் ஆய்வு மாணவராக உருவாக்கிய செஃப், கணக்கோடு வரைபடத்தையும் சேர்த்தது. எந்த டிஸ்க் எந்த சர்வரில், எந்த சர்வர் எந்த ரேக்கில், எந்த ரேக் எந்த அறையில் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும். மூன்று பிரதிகளை மூன்று ரேக்கில் வை என்று ஒரு விதி எழுதினால், இடத்தை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். வரைபடத்தை மட்டும் சில கண்காணிப்பு சர்வர்கள் காக்கின்றன. அவை மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் இருப்பதற்குக் காரணம், எந்த முடிவுக்கும் பெரும்பான்மை வேண்டும் என்பதே. இந்த உடன்பாட்டு முறைக்கு மூலம் லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்சோஸ்.

பிரதிகள் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்பதில் வடிவமைப்பாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். எரிக் புரூவர் 2000இல் முன்வைத்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய தேற்றம் இதைத் தெளிவாக்கியது: நெட்வொர்க் இரண்டாகத் துண்டிக்கப்படும்போது, எல்லாரும் ஒரே விடையைப் பெறுவதும் எல்லாருக்கும் விடை கிடைப்பதும் ஒருசேர நடக்காது. செஃப் போன்றவை தவறான விடை தருவதைவிடக் காத்திருக்கச் சொல்லும். அமேசான் 2007இல் விவரித்த டைனமோ மறுபக்கம் சாய்ந்தது. வாடிக்கையாளர் கூடையில் போட்ட பொருள் எக்காரணத்தாலும் தொலையக் கூடாது என்பதால், முரண்பட்ட பிரதிகளைப் பிறகு ஒன்றுசேர்த்துக்கொள்வார்கள். அதனால் நீக்கிய பொருள் சில நேரம் கூடைக்குத் திரும்பி வந்துவிடும்.

மூன்று பிரதிகள் என்றால் ஒரு டெராபைட்டுக்கு மூன்று டெராபைட் இடம் வேண்டும். செலவைக் குறைக்க உதவியது 1960இல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் கண்ட குறியீடு. 37, 45 என்ற இரு எண்களோடு கூட்டுத்தொகை 82ஐயும் எழுதி வைத்தால், மூன்றில் எது தொலைந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு மீட்கலாம். அதன் விரிவான வடிவத்தில் கோப்பை 10 துண்டாக்கி, 4 மீட்புத் துண்டுகளைச் சேர்த்து 14 இடங்களில் வைக்கிறார்கள். எந்த 4 போனாலும் கோப்பு தப்பும், 1.4 மடங்கு இடம் போதும். தன் பயனர்களின் பழைய படங்களுக்கு ஃபேஸ்புக் இந்த அளவைக் கையாண்டது. குறை ஒன்றுண்டு: தொலைந்த ஒரு துண்டைக் கட்ட மற்றவற்றில் 10 துண்டுகளைப் படிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2012இல் விவரித்த முறை, தரவைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பெரும்பாலான பழுதுகளுக்கு 6 துண்டுகளைப் படித்தாலே போதும் என்றாக்கியது.

வடிவமைப்பு ஒருமுறை செய்வது. நிர்வாகம் தினசரி வேலை. செஃப் அமைப்பில் ஒரு டிஸ்க் நின்றுபோகும் நேரத்தைப் பார்க்கலாம். டிஸ்க்குகளைக் கவனிக்கும் நிரல்கள் சில விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 20 விநாடி பதில் வரவில்லை என்றால் அந்த டிஸ்க் விழுந்துவிட்டதாகக் குறிக்கப்படும். உடனே மறுபிரதி எடுப்பதில்லை. சர்வரை யாராவது ரீஸ்டார்ட் செய்திருக்கலாம் என்று 10 நிமிடம் பொறுக்கும். அதற்கும் பின்தான் மற்ற டிஸ்க்குகள் தங்களிடமுள்ள பிரதிகளிலிருந்து புதியவற்றை எடுக்கத் தொடங்கும். இதற்கு இடம் வேண்டும். டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினாலே எச்சரிக்கை, 95இல் எழுதுவது நிறுத்தப்படும் என்ற வரம்புகள் இதற்காகத்தான். செலவை மிச்சம்பிடிக்க இந்த வரம்பு வரை நிரப்பிவிடுவது, நிர்வாகிகள் செய்யும் மிகக் கெட்ட சிக்கனம். சத்தமில்லாமல் கெட்டுப்போகும் தரவைப் பிடிக்க, பிரதிகளைப் படித்து ஒப்பிடும் வேலையும் வாரம் ஒருமுறை நடக்கும்.

டிஸ்க்குகள் எவ்வளவு அடிக்கடி போகின்றன? ரெய்டு கட்டுரையை எழுதிய கார்த் கிப்சனே பியங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் விடை சொன்னார். தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம்தான் பழுதாக வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்பட்டன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் சேமிப்பகம் 2023இல் ஓர் எக்ஸாபைட்டைத் தாண்டியபோது அதில் ஏறத்தாழ 1,11,000 சாதனங்கள் இருந்தன. 2 சதவீதம் என்று கொண்டாலே நாளுக்கு ஆறு.

இயந்திரப் பழுதை இப்படிச் சமாளித்தாயிற்று; மனிதக் கை வேறு விஷயம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவையில், சில சர்வர்களை மட்டும் விலக்கத் தட்டிய கட்டளையில் ஒரு பிழை நேர்ந்து, எது எங்கே என்று கணக்கு வைக்கும் பகுதியே விழுந்தது. பல ஆண்டுகளாக முழுதாக ரீஸ்டார்ட் செய்யப்படாத அந்தப் பகுதி எழுந்து நிற்கச் சில மணி நேரம் பிடித்தது. பின்னர், சர்வர்களை மெதுவாக மட்டும் விலக்கவும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் மறுக்கவும் அந்தக் கருவி மாற்றி எழுதப்பட்டது.

அழிக்கச் சொன்னால் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகவே அழியும். கட்டடம் எரிந்தால் எல்லா ரேக்கும் எரியும். ஆகவே, எத்தனை பிரதி இருந்தாலும், வேறு ஊரில் தனியாக ஒரு காப்புப் பிரதி வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வாடிக்கையாளர்கள் சிலரின் காப்புப் பிரதியும் அங்கேயே எரிந்தது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்து, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. கொள்ளளவு பெரிது என்பதால் வெளியே காப்புப் பிரதி வைக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 858 டெராபைட் என்பது, 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 43 கொள்ளும் அளவு. 10க்கு 4 என்று மீட்புத் துண்டுகளோடு வைத்தாலும் 61 டிஸ்க்கில் அடங்கியிருக்கும்.