கோர்டன் சைல்ட்: மண்ணுக்குள் புரட்சியைக் கண்டவர்

'புதிய கற்காலப் புரட்சி' என்ற தொடரைப் பாடநூல்களில் படித்தவர்கள் பலர். அத்தொடரை உலகறியச் செய்தவர் யார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. வியர் கோர்டன் சைல்ட் என்ற அந்தத் தொல்லியலாளர் 1892இல் சிட்னியில் பிறந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அவரது நூலொன்றின் பெலிக்கன் பதிப்பு, அட்டை கிழிந்த நிலையில், இடதுசாரி மாணவர்களிடையே கைமாறிக் கொண்டிருந்தது. 1942இல் போருக்கு மத்தியில் வெளிவந்த 'வரலாற்றில் என்ன நிகழ்ந்தது' என்பதே அந்நூல்.

சைல்ட் விரும்பித் தொல்லியலுக்கு வந்தவர்தான். ஆனால் அதனையே வாழ்க்கைத் தொழிலாக்கும்படி அவரைத் தள்ளியது அரசியல் என்றே நான் கருதுகிறேன். ஒக்ஸ்போர்டில் கற்றுத் திரும்பிய அவர் முதலாம் உலகப் போரை எதிர்த்தார். அதன் விளைவாக 1918இல் சிட்னியில் விடுதிக் கல்லூரியொன்றின் பதவியை இழந்தார். பின்னர் நியூ சவுத் வேல்ஸின் தொழிற்கட்சி முதல்வர் ஜோன் ஸ்டோரியின் செயலாளரானார். கட்சி தோற்றதும் லண்டனில் வகித்த பதவியும் பறிபோனது. அந்த அனுபவத்தின் கசப்பு, 1923இல் அவர் எழுதிய தொழிற்கட்சி ஆட்சி பற்றிய நூலில் தெரியும். பிரித்தானிய உளவுத்துறை 1917 முதலே அவரைக் கண்காணித்து வந்தது.

1925இல் வெளியான 'ஐரோப்பிய நாகரிகத்தின் விடியல்' அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1927இல் எடின்பரோவில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்ற கிராமத்தை அகழத் தொடங்கினார். மரம் அரிதான தீவாகையால் அங்கு கட்டில், அலுமாரி எல்லாமே கற்பலகைகள். வீடுகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருந்தன. தலைவனின் மாளிகை என்று சுட்ட எதுவுமில்லை. முதலில் அதனை மிகப் பிற்பட்ட காலத்துக் கிராமமாகக் கருதிய அவர், பின்னர் புதிய கற்காலத்துக்குரியதென ஏற்றுக்கொண்டார்.

எனினும் சைல்டின் பெருமை அகழ்வில் இல்லை. சிதறிக் கிடந்த பானையோடுகளுக்குப் பின்னால் சமூகத்தைக் கண்டதில்தான் இருக்கிறது. 1936இல் எழுதிய 'மனிதன் தன்னை உருவாக்குகிறான்' என்ற நூலில், பயிரிடலும் விலங்கு வளர்ப்பும் மனிதனை உணவு சேகரிப்பவனிலிருந்து உணவு உற்பத்தி செய்பவனாக்கின என்றார். உண்டது போக எஞ்சிய தானியம் கன்னானுக்கும் பூசகருக்கும் எழுத்தருக்கும் சோறிட்டது. அதிலிருந்து நகரம் எழுந்தது. இதனை 'நகரப் புரட்சி' என்றார். கைத்தொழிற் புரட்சி என்ற சொல்லை முன்மாதிரியாக வைத்தே இப்பெயர்களை அவர் சூட்டினார்.

அந்நூலில் என்னை அதிகம் கவர்ந்தது இன்னொரு வாதம். நகரம் தோன்றுவதற்கு முற்பட்ட இரண்டாயிரம் ஆண்டுகளில் ஏர், சில்லு, பாய்மரக் கப்பல், செம்பு உருக்கல், நீர்ப்பாசனம் எனக் கண்டுபிடிப்புகள் குவிந்தன. நகரம் தோன்றிய பின்னரான இரண்டாயிரம் ஆண்டுகளில் அவற்றுக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை நான்கே என்கிறார் சைல்ட்: இலக்க முறை, மலிவாக இரும்பு உருக்கல், அகரவரிசை எழுத்து, நகரங்களுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால். ஏன்? உபரி சிலரின் கையில் குவிந்தது. உழைப்பவனுக்குப் புதியன தேடப் பயனில்லை; ஆள்பவனுக்கோ மலிவான உழைப்பும் மூடநம்பிக்கையும் போதுமாயின. வளர்ச்சி என்ற சொல்லை அமைச்சர்களின் வாயிலிருந்து பல்லாண்டுகளாகக் குறிப்பெடுத்த எனக்கு இந்தப் பக்கங்களைக் கடந்து செல்வது எளிதாக இருக்கவில்லை.

பின்வந்த ஆய்வுகள் அவரைப் பெரிதும் திருத்திவிட்டன. வேளாண்மை திடீரெனப் பாய்ந்ததல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீண்ட மாற்றம் என்பதே இன்றைய கருத்து. 1950களில் கத்லீன் கென்யன் எரிகோவில் மட்பாண்டம் அறியாத ஆதி விவசாயக் குடியிருப்பைக் கண்டார். ரேடியோ காபன் காலக்கணிப்பு, மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற் கல்லறைகள் பல எகிப்தியப் பிரமிட்டுகளுக்கு முந்தியவை எனக் காட்டியபோது, கிழக்கிலிருந்தே எல்லாம் பரவின என்ற அவரது வரைபடம் குலைந்தது. துருக்கியின் கோபெக்லி தெபேயில் 1995 முதல் வெளிப்பட்ட பிரமாண்டமான கற்றூண்களை நிறுத்தியவர்கள் வேட்டையாடி உணவு சேகரித்தோர். ஆயினும் இவர்கள் எல்லோரும் விடை தேடிய கேள்வி சைல்ட் எழுப்பியதே. 2008இல் வெளிவந்த ஹொலிவூட் படத்தில் இந்தியானா ஜோன்ஸ் கூட மாணவனொருவனுக்கு அவரைப் படிக்கச் சொல்கிறார்!

1956இல் லண்டன் தொல்லியல் நிறுவன இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், மறு ஆண்டு தாயகம் திரும்பினார். ஒரு காலத்தில் அவரை ஏற்க மறுத்த சிட்னிப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி நீல மலைத்தொடரின் பாறை உச்சியிலிருந்து வீழ்ந்து இறந்தார். விபத்து என்றே பதிவாகியது. லண்டனில் தமது பதவிக்கு வந்த கிரைம்ஸுக்கு அவர் அனுப்பிய கடிதமொன்றைப் பத்தாண்டுகள் திறக்கக் கூடாதெனக் கேட்டிருந்தார். முதியோர் இளைஞரின் வழியை மறிக்கின்றனர், சமூகத்தின் உபரியை உண்கின்றனர் என்ற வாதம் அதில் இருந்தது. 1980இல் அது வெளியானபோதுதான் அம்மரணம் அவரே தேர்ந்தது என்பது உலகுக்குத் தெரிந்தது.