லோ வோல்டேஜில் ஹீட்டர் சூடாக மாட்டேங்குது, மோட்டார் மட்டும் கருகுது... ஏன்? பத்தாம் வகுப்பு கணக்கிலேயே இருக்கு பதில்!

சாயங்காலம் 7 மணி. சிதம்பரம் பக்கத்துல ஒரு கிராமம், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்குற கடைசித் தெரு. ஃபேன் மெதுவா சுத்துது. ஹீட்டர் ராடு போட்ட பக்கெட் தண்ணி அரை மணி நேரமாகியும் கொதிக்கலை. அதே நேரத்துல பக்கத்து வீட்டு தண்ணி மோட்டார்ல காயில் கருகுற வாடை. வோல்டேஜ் குறைஞ்சா ஹீட்டர் சும்மா இருக்கு, மோட்டார் மட்டும் ஏன் எரியுது?

இதுக்குத் தேவை இரண்டே இரண்டு கணக்குகள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை, அதன் அலகு ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது மின்திறன், அதன் அலகு வாட். முதல் கணக்கைச் சொன்னவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். 1827-ல் அவர் புத்தகமாக வெளியிட்டதைத்தான் நாம பத்தாம் வகுப்புல 'ஓம் விதி'ன்னு மனப்பாடம் செஞ்சோம்.

உங்க ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்க. 230 வோல்ட், 1000 வாட்னு போட்டிருக்கும். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். இந்த 53 ஓம்தான் அந்தக் கம்பியோட குணம். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது பெருசா மாறாது.

இப்போ வோல்டேஜ் 180-க்கு இறங்குதுன்னு வைங்க. 180-ஐ 53-ஆல் வகுத்தா 3.4 ஆம்பியர். 180-ஐ 3.4-ஆல் பெருக்கினா 612 வாட். வோல்டேஜ் குறைஞ்சது 22 சதவீதம்தான், ஆனா சூடு 39 சதவீதம் போயிடுச்சு! வோல்டேஜோட சேர்ந்து கரன்ட்டும் குறையுறதுதான் காரணம். 20 நிமிஷத்துல கொதிக்க வேண்டிய தண்ணி 33 நிமிஷம் எடுக்கும். மீட்டர்ல ஓடுற யூனிட் ஏறக்குறைய அதேதான், ஏன்னா 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினாதான் ஒரு யூனிட்.

மோட்டார் கதை வேற

மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தண்ணியை மேல ஏத்தணும்ங்கற வேலை அதுக்கு மாறலை. வோல்டேஜ் குறைஞ்சா, அதே வேலையை முடிக்க அது கூடுதல் கரன்ட்டை இழுக்கும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்த மோட்டார், 180 வோல்ட்டில் தோராயமா 6.4 ஆம்பியர் எடுக்கும்.

காயில் சூடாவதற்கு ஒரு கணக்கு இருக்கு: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கணும். காயிலின் தடை 2 ஓம்னா, 5 ஆம்பியரில் 50 வாட் சூடு. 6.4 ஆம்பியரில் 82 வாட். அந்தச் சின்ன உடம்புக்குள்ள கூடுதலா 32 வாட். கொஞ்ச நேரத்துல காயில் மேல பூசியிருக்குற வார்னிஷ் கருகும், அப்புறம் ரீவைண்டிங் கடைதான். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் இதே ஆபத்து.

(த்ரீ ஃபேஸ் போர் மோட்டாருக்கு 1.732-ஆலும் பவர் ஃபேக்டராலும் பெருக்கணும். அங்கேயும் ஆபத்து இதேதான்.)

வோல்டேஜ் எங்கே காணாமல் போகுது?

வழியில இருக்குற வயர்லதான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம் தடை இருக்கு. மோட்டார் கொட்டகை 50 மீட்டர் தள்ளி இருந்தா, போக வர 100 மீட்டர், அதாவது 1.2 ஓம். அதுல 10 ஆம்பியர் ஓடினா 12 வோல்ட் வயரிலேயே போயிடும், 120 வாட் வீணா சூடாகும். மெல்லிசு வயர் மலிவுன்னு வாங்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம்ம மாவட்டத்து நெய்வேலியில 1962-ல் சோவியத் உதவியோட தொடங்கின அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் 230 வோல்ட்டில் கிளம்பாததும் இதனாலதான். 10 லட்சம் வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினா 4,348 ஆம்பியர். 2,30,000 வோல்ட்டில் அனுப்பினா வெறும் 4.35 ஆம்பியர். கரன்ட் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதே கம்பியில் இழப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

ஈரக் கையும் இதே கணக்குதான்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தப்போ ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ஞ்சதை இங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாற்று வெள்ளம் கடலூருக்குள்ள வந்துச்சு. அந்த நேரத்துல மனுஷ உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான்.

காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரைக்கும் இருக்கலாம். 230-ஐ ஒரு லட்சத்தால் வகுத்தா 2.3 மில்லி ஆம்பியர், ஷாக் அடிச்சு கையை இழுத்துக்குவோம். நனைஞ்ச உடம்பில் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கிடும். அப்போ 230 மில்லி ஆம்பியர்: இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய அளவு. வீட்டு மெயின் போர்டுல பொருத்துற ஆர்.சி.சி.பி 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே ட்ரிப் ஆகுற மாதிரி வெச்சிருக்குறது இதனாலதான். சாதாரண எம்.சி.பி இந்த வேலையைச் செய்யாது. 6 ஆம்பியர் எம்.சி.பி-க்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை.

நீங்களே கணக்கு போட்டுப் பார்க்க நினைச்சா ஒரு விஷயம். பழைய குண்டு பல்பை மல்டிமீட்டர்ல ஓம் வெச்சுப் பார்த்தா கணக்கு உதைக்கும். 60 வாட் பல்புக்கு 882 ஓம் வரணும், மீட்டர் அதுல பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். மீட்டர் ரிப்பேர் இல்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது தடை பல மடங்கு ஏறும், நீங்க அளந்தது அணைஞ்சிருக்கும்போது. ஓம் பார்க்கும்போது பிளக்கைக் கட்டாயம் கழட்டிடுங்க.

தினமும் லோ வோல்டேஜ்னா மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு எந்த நேரமும் சொல்லலாம். 'கரன்ட் டல்லா இருக்கு'ன்னு சொல்றதைவிட 'மூணு நாளா ராத்திரி 7 மணிக்கு 180 வோல்ட்தான் வருது'ன்னு சொல்லிப் பாருங்க. அறுந்து கிடக்குற கம்பியைப் பார்த்தாலும் இதே நம்பர்தான், ஆனா தள்ளி நின்னுக்கிட்டு.