அலியை அடிக்க ரெண்டு திட்டம், போட்டது ஒரே ஆள்

சார்பட்டா பரம்பரை படத்துல டான்சிங் ரோஸ் சண்டையை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? ஆள் ஆடிக்கிட்டே இருப்பார், குத்து போய்ச் சேரும்போது அந்த இடத்துல இருக்க மாட்டார். அந்த மாதிரி ஒருத்தர் 6 அடி 3 அங்குல உயரத்துல, ஹெவிவெயிட் எடையில இருந்தா? அவர்தான் முகமது அலி. ஆனா இந்த எபிசோடு அலியைப் பற்றியது இல்லை. அவரைத் தோற்கடிக்க வழி கண்டுபிடிச்சு, ரெண்டு வேற வேற வீரர்களை வெச்சு அதைச் செஞ்சும் காட்டின எடி ஃபட்ச் என்கிற பயிற்சியாளரைப் பற்றியது.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். பாக்ஸிங் கத்துக்கப் போனா முதல் நாளே சொல்வாங்க: கையை இறக்காதே, குத்து வந்தா தலையைப் பின்னால சாய்க்காதே. அலி இந்த ரெண்டையும் செய்தார். காலும் கண்ணும் அவ்வளவு வேகமா இருந்ததால தப்பிச்சார். ஓட்டை எங்கேன்னு வெளியே தெரியாமலும் இல்லை. 1962ல சானி பேங்க்ஸ், 1963ல லண்டன்ல ஹென்றி கூப்பர், ரெண்டு பேரும் இடது ஹூக்கால அவரைத் தரையில விழ வெச்சாங்க. ரெண்டு சண்டையிலும் எழுந்து வந்து ஜெயிச்சது அலிதான். ஓட்டை இருக்குன்னு தெரியறது வேற, அது எப்போ திறக்கும்னு தெரியறது வேற. கோடு எழுதறவங்களுக்கு இது புரியும். எப்பவாவது ஒரு தடவை வர்ற பக்கை எப்படித் திரும்ப வரவழைக்கறதுங்கறதுதான் பாதி வேலை.

ஃபட்ச் டெட்ராய்ட்ல வளர்ந்தவர். லைட்வெயிட் அமெச்சூர். இதயத்துல கோளாறுன்னு சொல்லி தொழில்முறை பாக்ஸிங்குக்கு அனுப்பல. ஆனா அதே ஊர்ல, அதே ஜிம்ல ஜோ லூயிஸ் இருந்தார், பின்னாள்ல உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன அதே லூயிஸ். அவரோட ஸ்பாரிங் பண்ணினவர் ஃபட்ச். அவ்வளவு சின்ன உடம்போட லூயிஸ் முன்னால நிற்கணும்னா, குத்து கிளம்பறதுக்கு முன்னாடியே எந்தத் தோள் அசையுதுன்னு படிக்கத் தெரியணும். பிற்காலத்துல அவர் செய்த எல்லாத்துக்கும் வேர் அங்கேதான்னு நான் நினைக்கிறேன்.

இப்போ 1971, மார்ச் 8, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால மூணரை வருஷம் ரிங்குக்கு வெளியே இருந்துட்டுத் திரும்பியிருக்கிற அலி ஒரு பக்கம். சாம்பியன் ஜோ ஃப்ரேசியர் மறுபக்கம். ரெண்டு பேரும் அதுவரை தோற்றதே இல்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். ஃப்ரேசியர் 6 அடிகூட இல்லை, கை நீளமும் குறைவு. தலைமைப் பயிற்சியாளர் யாங்க் டர்ஹாம், அவருக்குத் துணையா ஃபட்ச்.

உயரம் குறைஞ்சவர் நேரா நடந்து போனா அலியோட ஜாப் மூக்கு மேலேயே நிற்கும். அதனால ஃப்ரேசியர் நேரா போகவே கூடாது. ரிங்குக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதுக்கு அடியில இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு குனிஞ்சு குனிஞ்சு முன்னால போற பயிற்சி. தலை ஓரிடத்துல இருந்தாத்தானே குறி வைக்க முடியும். அடுத்து, உடம்பு. அலியால தலையைப் பின்னால சாய்க்க முடியும், வயிற்றையும் விலாவையும் எங்கே கொண்டு போவார்? அங்கேயே அடிச்சிட்டு இருந்தா பத்தாவது ரவுண்டுக்கு மேல கால் தானா மெதுவாகும்.

எனக்குப் பிடிச்சது இதுக்கு அடுத்தது. அலி வலது அப்பர்கட் அடிக்கும்போது குனியாம, நின்ன நிலையிலேயே வலது கையைக் கீழே இறக்கி அடிக்கிறார்னு ஃபட்ச் கவனிச்சார். அந்தக் கை இறங்கற நொடியில வலது தாடைக்குக் காவல் இல்லை. ஃப்ரேசியர் கிட்ட அவர் சொன்னது இதுதான்: குனிஞ்சே இரு, அப்பர்கட் அடிக்க அவருக்கு ஆசை வரும். கை இறங்கினதும் இடது ஹூக்கை வீசு. அதாவது ஓட்டை திறக்கும் வரைக்கும் காத்திருக்கறது இல்லை, திறக்க வைக்கிறது. இன்னொரு விஷயம், ஃப்ரேசியரோட இடது கை சின்ன வயசுல உடைஞ்சு, சரியா நீட்ட முடியாம வளைஞ்சே கூடினது. ஹூக்குக்குன்னே செஞ்ச கை மாதிரி.

11வது ரவுண்டுல அந்த ஹூக் பட்டு அலி தள்ளாடினார். 15வது ரவுண்டுல மறுபடியும் பட்டு மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்துட்டார், ஆனா தீர்ப்பு மூணு பேர் கணக்கிலும் ஃப்ரேசியருக்கே. ஜெயிச்ச ஃப்ரேசியர் அதுக்கப்புறம் பல நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார். திட்டப்படி கிட்ட போகணும்னா, போற வழியில வர்ற குத்தையெல்லாம் வாங்கிக்கணும். அதைத் திட்டம் போட்டவர் வாங்கல.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1973 மார்ச் 31, சான் டியாகோ. ஃபட்ச் இப்போ கென் நார்ட்டன் பக்கம். முன்னாள் மரீன் படை வீரர், ஃப்ரேசியரோட ஸ்பாரிங் பார்ட்னரா இருந்தவர், யாரும் அவரைப் பெரிசா எண்ணல. பழைய திட்டத்தையே ஃபட்ச் கொடுத்திருந்தா வேலைக்கு ஆகியிருக்காது. நார்ட்டன் உயரமும் அலி உயரமும் ஒண்ணு, அவர் குனிஞ்சு நுழையற ரகமும் இல்லை. ஃபட்ச் வேற ஒண்ணைப் பார்த்தார். அலி ஜாப் அடிக்கும்போது வலது கை முகத்துக்கு முன்னால இல்லாம காதோரமா ஒதுங்கியிருக்கு. அப்போ நடுவழி காலி. அதனால அலி ஜாப் அடிக்கிற அதே நேரத்துல நீயும் ஜாப் அடி, அடிச்சுக்கிட்டே ஒரு அடி முன்னால வை. பின்னால போய்ப் போய் அவர் கயிற்றுல சாய்வார். அங்கே தலையைத் தேடாதே, உடம்பை அடி. 12 ரவுண்டு முடிவுல அலிக்குத் தாடை எலும்பு உடைஞ்சிருந்தது. பிளவுத் தீர்ப்புல நார்ட்டன் ஜெயிச்சார்.

அலியும் சும்மா இருக்கல. 1974 ஜனவரி மறுபோட்டியில, ஃப்ரேசியர் குனிஞ்சு கிட்ட வந்தாலே பிடரியில கையைப் போட்டு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார். உள்ளே போற கதவையே சாத்தின மாதிரி. அலிக்கு வெற்றி. ஃபட்ச் அதை மறக்கல. 1975 மணிலா போட்டிக்கு நடுவர் யாருங்கறதுலேயே சண்டை போட்டு, உள்ளூர்க்காரர் கார்லோஸ் படியாவை வரவழைச்சார். அலி பிடிக்கப் போனா அவர் கையைத் தட்டி விட்டார்.

நடுவர் பிரச்சினை தீர்ந்தது, ஆனா அக்டோபர் 1ஆம் தேதி, அந்த வெயில்ல, 14 ரவுண்டு முடியறப்போ ஃப்ரேசியர் முகம் வீங்கி, எதிர்ல வர்ற வலது கை அவருக்குத் தெரியவே இல்லை. பாக்கி ஒரே ஒரு ரவுண்டு. எதிர் மூலையில அலியும் கிட்டத்தட்ட முடிஞ்ச நிலைதான். ஃப்ரேசியர் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம்னு கெஞ்சினார். ஃபட்ச் அவர் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சு, போட்டியை நிறுத்தச் சொல்லி நடுவரைக் கூப்பிட்டார்.