வர்த்தமானியும் வாசகரும்: இலங்கையில் அரச, உள்ளூராட்சி வெளியீடுகளின் சேகரிப்பு வரலாறு குறித்துச் சில கருத்துகள்

வரலாற்று மூலங்கள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச் சுவடியுமே பலரது நினைவுக்கு வருவன. அரசாங்கம் தன் அலுவலின் பொருட்டு அச்சிட்டு வெளியிட்ட அறிக்கைகளை எவரும் அவ்வரிசையில் எளிதில் வைத்து எண்ணுவதில்லை. அவை வறண்ட நடையின, அட்டவணைகள் நிறைந்தன, ஆண்டு கழிந்ததும் பழந்தாளாகிவிடும் இயல்பின. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னிக் கிராமமொன்றில் எத்தனை குளங்கள் உடைந்து கிடந்தன, எவ்வாண்டிற் கொள்ளைநோய் பரவியது, நெல் விளைந்ததா பொய்த்ததா என்பனவற்றை அறிய விரும்பும் மாணவன் இறுதியில் அவ்வறிக்கைகளையே நாட வேண்டியவனாகின்றான். அவை எங்கே உள, யார் கைக்கு எட்டுவன என்ற வினாவும் ஒரு வரலாற்று வினாவேயாகும்.

இலங்கைக்கு அச்சுப்பொறியைக் கொணர்ந்தோர் ஒல்லாந்தர். 1737ஆம் ஆண்டளவிற் கொழும்பில் இயங்கத் தொடங்கிய அவர்தம் அச்சகத்தினின்று சமய நூல்களுடன் அரச கட்டளைகளும் வெளிவந்தன. ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் காலத்தில், 1802 மார்ச் 15ஆந் திகதி அரசாங்க வர்த்தமானியின் முதலாம் இதழ் வெளியாயிற்று. பெயர் பலமுறை மாறியபோதும் அத்தொடர் இன்றளவும் அற்றுப்போகவில்லை. இந்நாட்டில் இத்துணை நீண்ட காலம் வெளிவந்துகொண்டிருக்கும் பருவ வெளியீடு பிறிதொன்றில்லை எனலாம். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் வழியாகச் சட்டநிரூபண சபை அமைந்த பின்னர் அச்சபைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அமர்வுப் பத்திரங்களும், ஆண்டுதோறும் வரவுசெலவு, மக்கட்டொகை, வாணிபம் முதலியவற்றைத் தொகுத்துரைத்த நீலப் புத்தகங்களும் வர்த்தமானியோடு சேர்ந்துகொண்டன.

இவையனைத்தினும் வரலாற்றாசிரியனுக்குப் பெரும்பயன் தருவன நிருவாக அறிக்கைகளே. 1867 முதலாகத் திணைக்களத் தலைவர்களும் மாகாண அரசாங்க அதிபர்களும் தத்தம் பிரிவின் ஓராண்டு நிகழ்ச்சிகளை எழுதியனுப்ப, அவை தொகுக்கப்பட்டு அச்சாயின. வடமாகாணத்தைப் பொறுத்தவரை இத்தொடக்கம் ஒரு நற்பொருத்தம் எனல் வேண்டும். 1829 முதல் ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் யாழ்ப்பாணத்தைத் தனிக்கோல் ஓச்சியவர் போன்று ஆண்ட டைக் துரை அந்த 1867ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவருக்குப்பின் 1869 முதல் 1896 வரை அப்பதவியில் இருந்தவர் வில்லியம் துவைனம். ஒரே மனிதர் ஒரே மாகாணத்தைப் பற்றி ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய அறிக்கைகள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் உப்பளமும் பனையும் புகையிலையும் முத்துக்குளிப்பும் வருகின்றன, மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கி நடந்த இந்தியத் தொழிலாளர் வருகின்றனர், வாந்திபேதி வருகின்றது. அதிகாரியின் பார்வை அதிகாரியின் பார்வையே. வரி செலுத்தத் தயங்கியவன் அவர் எழுத்திற் சோம்பேறியாகவும், கேள்வி கேட்டவன் வழக்காடியாகவும் தோன்றுவதுண்டு. எனினும் அக்குடியானவனைப்பற்றி வேறெவரும் ஒரு வரிதானும் எழுதிவையாத நிலையில், அவன் இருந்தான் என்பதற்கு அவ்வேச்சுரையே சாட்சியாகிவிடுகின்றது.

அறிக்கைகளின் பின்னணியில் அரசாங்க அதிபரும் உதவி அரசாங்க அதிபரும் நாள்தோறும் எழுதிய அலுவல் நாட்குறிப்புகள் உள. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்பின் நாட்குறிப்புகள், அவர் எழுத்தாளராய்ப் புகழெய்திய காரணத்தால், 1960களின் தொடக்கத்தில் நூலுருப் பெற்றன. புகழெய்தாத எத்தனையோ அதிகாரிகளின் குறிப்புகள் கையெழுத்திலேயே கிடக்கின்றன. ஜே. பி. லூயிஸ் எழுதி 1895இல் அரசாங்க அச்சகத்தார் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், எஸ். ஓ. கனகரத்தினம் எழுதி 1921இல் வெளியான மட்டக்களப்பு மாவட்டத் தனிவரைவு, பொன்னம்பலம் அருணாசலத்தின் மேற்பார்வையில் நடைபெற்ற 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அறிக்கை ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு வடக்கு, கிழக்கு மாகாணங்களின் சமூக வரலாற்றை எழுதப் புகுவது கைவிளக்கின்றிக் காட்டினுட் புகுவதையொக்கும். பேராசிரியர் பேட்றம் பஸ்தியாம்பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டு வட இலங்கையைப்பற்றி எழுதியன பெரும்பாலும் இத்தகைய அரச மூலங்களின்மீது எழுந்தனவே.

இனிச் சேகரிப்பை நோக்குவோம். 1870இல் அமைந்த அரசாங்கக் கீழைத்தேய நூலகத்தை உள்ளடக்கிக்கொண்டு 1877 சனவரி 1ஆந் திகதி கொழும்பு நூதனசாலை நூலகம் தொடங்கிற்று. நூதனசாலையை நிறுவிய தேசாதிபதி கிரெகரியின் நோக்கம் கல்வி சார்ந்தது. எட்டாண்டுகளின் பின்னர் 1885இல் இயற்றப்பட்ட அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின் நோக்கம் அத்தகையதன்று. அச்சகங்கள் எவற்றை வெளியிடுகின்றன என்பதை அரசு அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அச்சான நூல் ஒவ்வொன்றின் படியும் ஒப்படைக்கப்படல் வேண்டும் என்ற அவ்விதியினாலேயே நூதனசாலை நூலகம் நாட்டின் முதலாவது சட்டவைப்பு நூலகமாயிற்று. கண்காணிக்கப் பிறந்த சட்டம் காப்பாற்றும் சட்டமாக மாறியமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் பிற்காலத்தில் இவ்வுரிமையைப் பெற்றது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் பொதுப் பதிவேடுகளின் பாதுகாப்பைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. தேசிய நூலகமோ 1990ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

மேற்கூறிய நிலையங்கள் அமைந்த இடங்களை உற்றுநோக்கின் பெரும்பாலும் கொழும்பு, அதனை விடுத்தாற் கண்டிப் பகுதி என்பது புலனாகும். துவைனம் யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்து எழுதிய அறிக்கையை வாசிக்க யாழ்ப்பாணத்து மாணவன் கொழும்புக்குப் புகைவண்டி ஏற வேண்டியிருந்தது. மற்றொரு படி இலண்டனில் இருக்கின்றது. குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட இலங்கை வர்த்தமானிகளும் அமர்வுப் பத்திரங்களும் நீலப் புத்தகங்களும் இன்று கியூ நகரிலுள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்தில் வரிசையாக அடுக்கப்பட்டுள. ஆளப்பட்டோரின் ஊரில் அற்றுப்போன தாள் ஆண்டோரின் ஊரில் ஒழுங்காக இருப்பதை எண்ணி வருந்துவதா, மகிழ்வதா என்பது எளிதில் முடிவுகூறக்கூடியதன்று.

மத்திய அரசின் வெளியீடுகளாவது ஏதேனும் ஓரிடத்திற் கிடைக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகரசபை வழங்கிய சட்டம் 1865இல் இயற்றப்பட்டது. கிராமச் சமுதாயங்களுக்கான கட்டளைச் சட்டம் 1871இல் வந்தது. பின்னர் நகரசபைகள், பட்டினசபைகள், கிராமசபைகள் எனப் பல்கிய இம்மன்றங்கள் உபவிதிகளை ஆக்கின; வரி விதித்தன; சந்தையும் கிணறும் சுடலையும் வாசிகசாலையும் அமைத்தன. தீண்டாமையின் பெயராற் பொதுக் கிணறும் தேநீர்க்கடையும் மறுக்கப்பட்ட காலத்தில் அவை பற்றிய வாதங்களுக்கு இம்மன்றங்களும் களமாயின. அவற்றின் கூட்ட அறிக்கைகள் சில படிகளே தட்டெழுதப்பட்டன. தவிசாளர் மாறும்போதும் கட்டடம் மாறும்போதும் அலுமாரி மாறும்போதும் அவை குறைந்தன. வர்த்தமானியின் நான்காம் பகுதியில் உள்ளூராட்சிக்கென ஒரு பிரிவு ஒதுக்கப்பட்டிருப்பதால் உபவிதிகளும் அறிவித்தல்களும் ஓரளவு தப்பின. விவாதங்களோ தப்பவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ்ப் புதிய சபைகள் எழுந்தபோது கலைந்துபோன பழைய கிராமசபைகளின் ஏடுகள் யாவை எங்கே சென்றன என ஒவ்வோர் ஊராகத் தேடிப்பார்த்தல் ஒரு தனி ஆய்வுக்குப் போதிய பொருளாகும்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையாதிருத்தல் இயலாது. தனிமனிதர் முயற்சியால் 1930களில் தொடங்கி, 1935இல் நகர நிருவாகத்தின் பொறுப்புக்கு வந்து, 1959இற் புதிய கட்டடம் பெற்ற அந்நூலகம் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் உடைமையே. 1949 முதல் யாழ்ப்பாணம் மாநகரசபையாதலின் அம்மாநகரசபையே அதனை நடத்திற்று. 1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவ்விரவு எத்தகைய இரவு என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. நான்கு நாட்களின் பின்னர், சூன் 4ஆந் திகதி, மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கான தேர்தல் நடைபெறவிருந்தது. மாவட்டத்துக்குத் தன்னாட்சியிற் சிறிது வழங்குவதாகக் கூறப்பட்ட ஓர் உள்ளூராட்சி அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வாரத்திலேயே உள்ளூராட்சியின் மிகச் சிறந்த ஆக்கம் எரிக்கப்பட்டது. எரிந்தவற்றுள் ஏட்டுச் சுவடிகளைப்பற்றி எல்லோரும் எழுதியுள்ளனர், அது தகும். அரச, உள்ளூர் வெளியீடுகளின் தொகுதி எவ்வளவு இருந்ததெனப் பேசுவோர் அரியர். பின்வந்த போரிற் பழைய கச்சேரிக் கட்டடமும் சிதைந்தது.

மொழியும் ஒரு தடையாயிற்று. ஆங்கிலேயர் காலத்து அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே அமைந்தமையால் அவற்றை வாசித்தோர் ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்தினரே. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின் பின் ஆங்கிலத்தின் இடத்தைச் சிங்களம் பெற்றது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தாளில் இருந்தபோதும் தமிழ்ப் பதிப்புகள் தாமதித்தே வந்தன; பல வாரா. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று.

வாசகனுக்கு இவற்றால் என்ன நட்டம் என வினவுவோருக்கு 1897ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். ஒரு நிலத்துக்கு உரித்தாளர் எவருமிலர் என அரசு கருதின் அதனை வர்த்தமானியில் அறிவிக்கும்; மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின் நிலம் முடிக்குரியதாகும். அறிவித்தல் மும்மொழியிலும் வெளியிடப்படவும், நிலத்திலும் கச்சேரியிலும் ஒட்டப்படவும் விதி இருந்தது. எனினும் சேனைப் பயிர்செய்து உறுதியின்றி வாழ்ந்த குடியானவன் வர்த்தமானியைக் கண்ணாற் கண்டானா என்பது ஐயமே. அச்சட்டத்தின் வழித்தோன்றலாக 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டம் வந்து, இன்றும் நடைமுறையில் இருக்கின்றது. ஆகவே அரச வெளியீடு ஒன்றைக் கண்ணுறும் வாய்ப்பு ஆய்வாளனின் வசதி மட்டுமன்று. அவ்வூரவனின் வயல்வரம்போடு தொடர்புடைய செய்தியாகும். நூலகத்தில் அத்தாள் இல்லையேல் வழக்கில் அவன் வாயும் அடைபடும்.

அண்மைக் காலத்திற் சில வாயில்கள் திறந்துள. வர்த்தமானிகளை அரசாங்க அச்சகத் திணைக்களம் இணையத்தில் வெளியிடுகின்றது. 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் எவரும் இலவசமாக வாசிக்கத் தருகின்றது. அழிவின் நினைவே அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று எனின் மிகையன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ருவரியில் நடைமுறைக்கு வந்தபின் பிரதேச சபையிடமும் ஒரு குடிமகன் எழுத்தில் வினவலாம். ஆயின் அச்சட்டத்தாற் பெறக்கூடியது இருக்கும் ஆவணமே. கறையான் உண்ட கூட்ட அறிக்கையை எச்சட்டமும் மீட்டுத் தராது.

2025 மார்ச் 28ஆந் திகதி வர்த்தமானியில், காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வடமாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணி குறித்து ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. மூன்று மாதத்துள் உரிமைகோராத காணி அரசுக்குரியதாக அறிவிக்கப்படும் என்பது அதன் பொருள். அக்காணிகளின் உரித்தாளர் பலர் போரினால் இடம்பெயர்ந்தோர், உறுதிகளை இழந்தோர், வெளிநாடுகளில் வாழ்வோர். பத்திரிகைகளும் அரசியலாளரும் சட்டத்தரணிகளும் எடுத்துரைத்த பின்னரே அவ்வறிவித்தல் ஊர்களை எட்டிற்று. எதிர்ப்பு வலுத்தது, உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது.