கார் கடக்கும் கடல், ஆள் கடக்கும் கடல்

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூசை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசைக்கு வரும் கார் ஏதோ ஒன்றிரண்டுதான். பக்கத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்யப்படும் கார்களில் கணிசமானவை எந்தச் சாமியையும் பார்க்காமல் வாலாஜாபாத்தில் ரயிலேறி வடக்கே போய்விடுகின்றன. அவை போகும் பெட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பயணிகள் ரயிலில் ஓடிக் கழித்துப்போட்ட பழைய பெட்டிகளின் சன்னல்களை அடைத்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, காரேற்றும் பெட்டிகளாக மாற்றிய ரகம் அது. மனுசன் உட்கார்ந்து போன இடத்தில் இப்போது கார் உட்கார்ந்து போகிறது.

இதை வெறும் சரக்குப் போக்குவரத்துச் செய்தியாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் எது கடக்கிறது, எது தடுக்கப்படுகிறது, யார் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால், விஷயம் வாலாஜாபாத்தோடு நிற்பதில்லை. கடல் வரைக்கும் போகிறது.

காரோடு கடலைக் கடப்பது என்ற கனவின் பூர்த்தியான வடிவம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் இருக்கிறது. 1994இல் திறக்கப்பட்ட சேனல் சுரங்கம். மொத்தம் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். ஃபோக்ஸ்டோனில் காரை ரயிலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், 35 நிமிடத்தில் பிரான்சுக் கரை. காரை விட்டு இறங்கக்கூடத் தேவையில்லை. கடலைப் பார்க்காமலே கடலைக் கடந்துவிடலாம். எல்லைகள் கரைந்துபோன ஐரோப்பா என்ற சொல்லாடலுக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது.

ஆனால் அதே சுரங்கத்தின் பிரான்சு வாசலுக்குப் பக்கத்தில், சாங்கத் என்ற ஊரில், 1999இலிருந்து 2002 வரை அகதிகளுக்கான முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்தவர்கள் இரவு நேரங்களில் வேலி தாண்டி ரயில்களில் தொற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். முகாமை மூடிய பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் சூடானைச் சேர்ந்த ஒருவர் ஏறத்தாழ முழுச் சுரங்கத்தையும் இருட்டில் நடந்தே கடந்து, இங்கிலாந்து முனைக்குக் கிட்டத்தில் கைதானார். கார் போவதற்குப் பெயர் பயணம். ஆள் நடந்தால் அதற்குப் பெயர் குற்றம். சுரங்கம் ஒன்றுதான். அதன் அர்த்தங்கள் இரண்டு.

‘இது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன?’ என்று கேட்கிறவர்களை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதையடுத்துத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். இதுதான் நம் தாத்தாக்கள் வாயூறப் பேசிய போட் மெயில். கடலுக்குக் குறுக்கே தண்டவாளத்தையே போட்டுவிடும் திட்டமும் அந்தக் காலத்திலேயே இருந்தது; நிறைவேறவில்லை.

போட் மெயில் பற்றிய ஏக்கத்தில் ஒரு மறதி கலந்திருக்கிறது. அதே பாதையில்தான் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகள் போனார்கள். அவர்களுடைய அப்பன் பாட்டன்மார் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, காலராவில் செத்து விழுந்தவர்கள். ரயில் வந்ததும் நடை குறைந்தது, கண்காணிப்பு கூடியது. இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. கூலிகளை அங்கே நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, நாட்கணக்கில் அடைத்துவைத்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பும் வழக்கமும் இருந்தது. முதல் வகுப்புத் துரையின் டிக்கெட் பையில் இருந்தது. கூலியின் டிக்கெட் உடம்பில் இருந்தது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ரயில் ஒன்று ஆட்களோடு கடலுக்குப் போனது. பாதை போனாலும் ஒப்பந்தம் போகவில்லை. இராமேஸ்வரத்துக்குக் கப்பல் விட்டு ஆட்களை இறக்கினார்கள். வந்தவர்கள் மறுபடி மண்டபம் முகாமுக்கே போனார்கள். 1980களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்களுக்கும் அதே முகாம்தான். போகும்போதும் முகாம், வரும்போதும் முகாம்.

1988 வரை மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும்; காரை ஓட்டிக்கொண்டு இராமேஸ்வரம் போக முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் சாலைப் பாலத்தைத் திறந்துவைத்தவர் ராஜீவ் காந்தி. அப்போது இந்திய ராணுவம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. 1991 மே 21இல் அவர் கொல்லப்பட்டது இதே ஸ்ரீபெரும்புதூரில். அதன்பிறகு அகதி முகாம்களில் கெடுபிடி இறுகியது. ‘விருப்பத்துடன்’ என்ற பெயரில் 1992இல் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டு முடிவதற்குள் இந்த மண்ணில் கார் ஆலைகள் முளைத்தன. அகதிக்குக் கதவடைத்த காலமும் மூலதனத்துக்குக் கதவு திறந்த காலமும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

இப்போது மறுபடி சுரங்கப் பேச்சு. 2015 டிசம்பரில் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில், இராமேஸ்வரத்தையும் இலங்கையையும் பாலத்தாலும் கடலடிச் சுரங்கத்தாலும் இணைக்க 24,000 கோடி ரூபாய்த் திட்டம் இருப்பதாகச் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை என்றது இலங்கை அரசு. 2023இல் இரு நாடுகளும் தரைவழி இணைப்புக்கான சாத்தியத்தை ஆராய்வதாக அறிவித்தன. பொறியியல் பெரிய தடையில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான தூரம் சேனல் சுரங்கத்தின் கடலடிப் பகுதியைவிடக் குறைவு. பணமும் யாராவது கொடுப்பார்கள். ஒரகடத்தில் செய்த கார் ஒருநாள் கடலுக்கடியில் ரயிலேறித் தலைமன்னாரில் இறங்கவும் கூடும். அதை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடல் பிரித்த உறவுகள் சேருவதற்கு ஒரு வழி வேண்டும்தான்.

கேள்வி வேறு. நாற்பது வருடமாக முகாமில் இருக்கும் ஒரு குடும்பம், அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் கட்டிய பிள்ளைகள், குடியுரிமை இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல் அந்தச் சுரங்க வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும்? 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் இலங்கை அகதிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காருக்கு எஞ்சின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு, காகிதங்கள் சுத்தமாக இருக்கும். அது போய்விடும். இவர்கள்?

சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். ஒடிசா, பீகார்ப் பையன்கள், நம்மூர் ஒப்பந்தப் பையன்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் செய்த கார்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வாலாஜாபாத் பக்கம் திரும்பும். வண்டிக்கு வழிவிட்டு அவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள்.