ஔவை சண்முகனாரும் பாலர் நாடக சபையும்

காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ 1926ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. செகசிற்பியாரின் நாடகங்களை நம் நாடக மரபோடு ஒருங்கு வைத்து ஆராய்ந்த அந்நூலைக் கீழ்மாகாணத்தார் நன்கறிவர். அதே மதுரை மாநகரில், அந்நூல் வெளிவருதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, ஏட்டினால் அன்றிப் பயிற்சியினால் நாடகத்தைச் செப்பஞ்செய்யும் முயற்சியொன்று தொடங்கிவிட்டது. 1918இல் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையே அது. அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அச்சபையிற் சேர்ந்த சிறுவருள் ஒருவர், 1912இற் பிறந்து அப்பொழுது ஆறு வயதே நிரம்பியிருந்த தி. க. சண்முகம்.

‘டி. கே. எஸ். சகோதரர்கள்’ எனத் தமிழுலகம் போற்றிய சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வருள் சண்முகனார் மூன்றாமவர். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் புனைந்து நடித்தவர். ஆகவே, நடிப்பு இவருக்குக் குலத்தின் வழி வந்தது என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும், அக்காலத்து நடிகன் மகனுக்குக் குடும்பப் பெயரால் வந்த பெருமை யாது? ‘கூத்தாடி’ என்னும் சொல் வசையாக வழங்கிய காலம் அது. அக்குடும்பம் புகழ் பெற்றது மைந்தர்களாலேயே. அம்மைந்தரை ஆக்கியது ஓர் ஆசிரியரின் பயிற்சி.

சுவாமிகள் சிறுவரைத் தேடிச் சென்றமைக்குக் காரணம் உண்டு. பெரிய நடிகர் கூடி நடத்திய ‘ஸ்பெஷல்’ நாடகங்களில் ஒத்திகை என்பதே அரிது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்தோர் அன்றிரவே மேடையிற் சந்தித்து, ஒருவரையொருவர் பாட்டாலும் வாதத்தாலும் மடக்க முயல்வர். கதை எங்கோ போய்விடும். மட்டக்களப்புப் பகுதிக் கூத்தைக் கண்டு பழகியவர்க்கு இது வியப்பளிக்கும். இங்கே வயல் வேலை முடித்து வந்த உழவனும், அண்ணாவியார் முன்னிலையிற் பல மாதம் ஆடிப் பழகிய பின்னரே அரங்கேறுவான். சுவாமிகள் நாடியதும் அத்தகைய கட்டுப்பாட்டையே. சிறுவர் சொன்னதைச் செய்வர். மனனஞ் செய்த பாடலை மாற்றார்.

சண்முகனாருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். நாடகம் முழுவதையும் ஒரு சிறுவனை நம்பி எழுதிய துணிவு அவ்விரவின் விரைவினும் பெரிது. அச்சிறுவன் அபிமன்யுவாக நின்று அந்நம்பிக்கையைக் காத்தான். சுவாமிகளோ தம் இறுதிக் காலத்தில் வாத நோயால் பேச்சிழந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். வாயாற் பாடம் சொன்ன ஆசிரியர் வாய் பேசாது கிடந்த நாட்கள் மாணவரை எங்ஙனம் வருத்தியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பாலர் சபைகளைப் புகழ்வோர் அவற்றின் குறையை மறைத்தல் ஆகாது. பெற்றோரைப் பிரிந்து, முறையான பள்ளிக் கல்வி இன்றி, இரவெல்லாம் விழித்து உழைத்த குழந்தைகள் அவர்கள். வருவாய் முதலாளிக்கு, அடியும் கண்டிப்பும் சிறுவர்க்கு. குரல் உடையும் பருவம் வந்ததும், நேற்று வரை கைதட்டல் பெற்றவன் வேண்டாதவனாவான். அங்ஙனம் கழிக்கப்பட்டோர் எத்துணையர் என்பதை எந்த வரலாறும் கணக்கிடவில்லை.

சண்முகனார் அந்நிலைக்கு ஆளாகாமைக்கு உடன்பிறந்தோரின் ஒற்றுமையே காரணம். 1925இல் இவர்கள் திருவனந்தபுரத்தில் பால சண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர். சபைக்குத் தம் பெயரை அளித்த சண்முகனாருக்கு அப்பொழுது வயது 13. கூலிக்கு நடித்த சிறுவர் சபைக்கு உரியவராயினர். சங்கரனார் நிருவாகத்தைத் தாங்கினார். முத்துசாமியார் நாடகம் எழுதினார். தம்பி பகவதி பின்னாளில் இராசராச சோழனாக மேடையிற் கம்பீரத்தோடு நின்றார். குரல் மாறினாலும் வெளியே தள்ளுவார் இலர். பாட்டுக் குறைந்த இடத்தை நடிப்பாலும் உரையாடலாலும் நிரப்பிக்கொள்ளக் காலம் கிடைத்தது.

இம்மாற்றத்திற்கு வழிகாட்டியவர் எம். கந்தசாமி முதலியார். நாவல்களை மேடைக்குக் கொணர்ந்து, சமூக நாடகத்திற் சிறுவரைப் பழக்கியவர் அவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ அவ்வகையில் நாடகமாகி, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்ததும் இக்குழுவினரோடுதான். வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் கதையைத் தழுவிய ‘குமாஸ்தாவின் பெண்’ பெரும்பெயர் பெற்று, 1941இல் திரைக்குச் சென்றது.

எனினும் சண்முகனார் பெயரோடு நீங்காது ஒட்டிக்கொண்டது 1942இல் அரங்கேறிய ‘ஔவையார்’ நாடகமே. முப்பது வயது ஆடவர் முதுமகளாக வந்தார். பெண் வேடம் தந்தையின் தொழில். அது மைந்தரிடம் மீண்டது போலும்! ஆனால் இளமகள் வேடத்திற்கு அழகும் அணியும் துணை செய்யும். நரைத்த தலையும் கூனிய முதுகும் கொண்ட மூதாட்டிக்கு அத்துணை ஏதுமில்லை. குரலின் தளர்வும், நடையின் தயக்கமும், சொல்லின் தெளிவுமே அவளை உண்டாக்க வேண்டும். சுவாமிகளிடம் பாடலைப் பிழையறச் சொல்லப் பயின்ற நாவுக்கு அது கைவந்தது. அன்று முதல் அவர் ‘ஔவை’ சண்முகம் ஆனார். 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவ்வேடத்தில் ஓங்கிய புகழ் பெற்ற பின்னரும், அப்பட்டம் இவரை விட்டு அகலவில்லை. சென்னையில் லாயிட்ஸ் சாலையும் பின்னாளில் ஔவை சண்முகம் சாலை எனப் பெயர் பெற்றது.

திரை வளர்ந்து மேடை மெலிந்த காலத்திலும் அவர் மேடையைக் கைவிட்டாரல்லர். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டுவித்தார். அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ இவர்களது குழுவால் அரங்கேறியது. 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றினார். களத்தூர் கண்ணம்மாவில் நடித்துப் புகழ்பெற்ற சிறுவர் கமல்ஹாசன் நாடகம் பயின்றதும் இவர் குழுவிலேயே. பள்ளி கண்டறியாத அச்சிறுவர் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தார். தம்மோடு நடித்த பலரை, பெயர் நிலையாத பலரையும், அதில் மறவாது குறித்துள்ளமை போற்றற்குரியது.

1973 பிப்ரவரியில் அவர் காலமானார். அடுத்த மாத இறுதியில், அவர் குழு மேடையில் வளர்த்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. அதனை இயக்கியவர் ஏ. பி. நாகராஜன். அவரும் ஒரு காலத்தில் இச்சபையிற் பெண் வேடமிட்டு நடித்த சிறுவரே.